சந்தனமும் ரோஜாவும் கலந்த குப்பி

ஜனவரி 6
என் வாய் சும்மா இருக்காதே! நாத்தனார் மெஹர் பானுவின் நிக்காஹ்வுக்கு வருகிறவர்கள் கையில் தடவ அத்தரைக் கடையில் வாங்க வேண்டாம், நானே கலந்து தருகிறேன் என்று மாமியிடம் சொல்லிவிட்டேன். மாமா மவுத்தான பிறகு வீட்டில் நடக்கும் முதல் நல்ல காரியம். மாமி உடனே சரி என்றார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 9
நாகூர் போய் எண்ணெய்கள் வாங்கி வந்தேன். மர வாசத்துக்குச் சந்தனம், பூ வாசத்துக்கு ரோஜா. பூ முதலில் வந்து முதலில் போய்விடும், மரம் கடைசிவரை நிற்கும். கலந்து, துணியில் தொட்டுப் பெருமையாக நீட்டினேன்.

மாமியின் முகம் சுண்டிப்போனது. "என்னம்மா இது, மய்யித்து வீட்டு வாசம் அடிக்குது."

மாமாவின் உடலுக்குக் கபன் துணி சுற்றியபோது பூசியதும் இதே வாசம்தான். எப்படி மறந்தேன்? மெஹர் துணியைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அழுகிறாள். கல்யாணப் பொண்ண அழ வச்சிட்டேனே, எனக்கு அறிவே இல்ல.

ஜனவரி 10
மெஹர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜனவரி 13
சந்தனத்தோடு தாழம்பூ. கல்யாணத்துக்காகத் துபாயிலிருந்து வந்திருக்கும் என் வீட்டுக்காரர் முகர்ந்துவிட்டு, "பிரியாணி எங்க?" என்கிறார். பிரியாணிக்குத் தெளிப்பதும் தாழம்பூ எசன்ஸ்தானே. சிரிக்கவா, அழவா?

ஜனவரி 19
சந்தனம், ஒரு சொட்டு அகில், மேலே மல்லிகை. கலந்த அன்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. சில நாள் மூடி வைத்தபின் ஒன்றாகிவிட்டன. மாமி தலையாட்டினார். அப்பாடா! ஆனால் மெஹர்?

ஜனவரி 21
அவளே வந்தாள். "மதினி, அந்த மொத குப்பியக் கொட்டிட்டீங்களா?"

கொட்ட மனசு வரவில்லை. மாமி கண்ணில் படாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன் என்றேன்.

"உம்மாவுக்கு அது மய்யித்து வாசம். எனக்கு வாப்பா ஜும்ஆ தொழுகைக்குக் கெளம்புற வாசம். கபனிட்ட அன்னைக்கும் வாப்பாவோட அத்தரத்தானே பூசுனாங்க. நிக்காஹ் அன்னைக்கு எனக்கு அதுதான் வேணும்."

அதற்கா அழுதாள்! அல்ஹம்துலில்லாஹ். இன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். மாமிக்குத் தெரிந்தால்?

ஜனவரி 26
நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. மல்லிகை அத்தர் எந்தக் கடை என்று தலத்தெரு சம்பந்தி வீட்டில் கேட்டார்களாம்.

காலையில் மெஹரின் மணிக்கட்டில் அந்த முதல் குப்பியைத் தொட்டு வைக்கும்போது மாமி உள்ளே வந்துவிட்டார். குப்பியை முந்தானையில் மறைத்தேன். வாசத்தை எங்கே மறைப்பது? மாமி கிட்டே வந்து மெஹரின் மணிக்கட்டை முகர்ந்தார்.

"காதுக்குப் பின்னாடியும் வையிம்மா. அவங்க அப்படித்தான் வச்சுக்குவாங்க."

குப்பி மெஹரோடு போய்விட்டது. மாமி தனக்கும் ஒன்று கலக்கச் சொல்லியிருக்கிறார்.