வெள்ளிக்கிழமை நாக்கு

ஜூலை 12, ஞாயிறு
பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றவர்கள்: பங்குச்சாமி, மணியடிக்கும் யுர்கிஸ், பாடகர் குழு ஸ்தெஃபா, என் வீட்டுக்காரர் விட்மந்தாஸ், அவருடைய அக்கா லியூசியா, நான். ஆறு பேர். சாமி என்னைக் காட்டிச் சொன்னார்: "அன்னம்மாள் திருநாளுக்கு இந்த வருஷம் பீர் ஜெனோவைத்தே வீட்டிலிருந்து வரட்டும்."

இத்தனை வருஷமும் அது லியூசியா அண்ணியின் பொறுப்பு. அண்ணி என் தோளைத் தட்டி, "போடு, போடு. நுரையாவது வருதான்னு பாப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் வீடு வரும்வரை கால் தரையில் படவில்லை.

ஜூலை 21, செவ்வாய்
முளைகட்டிய பார்லி இரண்டு மூட்டை. சாறு ஆறியதும் ஈஸ்ட் விட்டேன். ஓக் தொட்டியின் மேல் சிலுவை வரைந்து, துணி போட்டு மூடினேன்.

ஜூலை 23, வியாழன்
நுரை ரொட்டி மாதிரி உப்பி நிற்கிறது. ருசித்தேன், இன்னும் தேன் தண்ணீர்தான். தொட்டியிலிருந்து பீப்பாய்க்கு எப்போது மாற்றுவது? எல்லாம் அதில்தான் இருக்கிறது. முந்தினால் மிச்ச இனிப்பு மூடிய பீப்பாய்க்குள் பொங்கும், தக்கை நிற்காது. பிந்தினால் உயிர் போய்ப் புளித்துவிடும். நுரை நடுவில் விழ வேண்டும், நாக்கில் இனிப்பு விலகிக் கசப்பு முன்னால் வர வேண்டும்.

நாளை வெள்ளி. மகள் ஆஸ்தா காய்ச்சலில் பிழைத்ததிலிருந்து வெள்ளியன்று நான் பீரை நாக்கில் வைப்பதில்லை. நேர்ச்சை. சனி காலையில் பார்க்கலாம்.

ஜூலை 24, வெள்ளி
பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்த் திரும்பினால் தொட்டியே இல்லை! நிலவறையில் இரண்டு பீப்பாய், தக்கை அடித்து.

"என்னங்க இது?"

"ருசி பாத்தேன் ஜெனே, இனிப்பு சுத்தமா போச்சு. நீ இன்னைக்கு தொட மாட்டே. நாளைக்கு வரைக்கும் விட்டா புளிச்சிடும். அக்கா மகன் அயர்லாந்துலேர்ந்து வரானாம், அவனுக்கு பீர் போடணுமாம், அவ தொட்டி ஒழுகுதாம். நம்மளத குடுத்துட்டேன்."

இருபத்தாறு வருஷம் என் சமையலை ருசித்த நாக்கு. நம்பினேன். அவருக்காக ஜெபமாலையில் பத்து மணி கூடுதலாகச் சொன்னேன்.

ஜூலை 26, ஞாயிறு
யுர்கிஸ் குழாய் வைக்கும் முன்பே தக்கை பறந்தது. சாமியின் அங்கி நனைந்தது. அவித்த பட்டாணித் தட்டுகளில் நுரை. மிஞ்சியது கலங்கல், பாகு மாதிரி தித்திப்பு. ஸ்தெஃபா, "கஞ்சி நல்லாருக்கு, உப்பு இருக்கா?" என்றாள்.

அப்போது என் பின்னால் அவர் குரல்: "எங்க வீட்டம்மாவுக்கு எதுலயும் அவசரம்! ஒருநாள் பொறுன்னேன், கேட்டாளா?"

சிரிப்பு. நான் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 27, திங்கள்
நாக்கு தவறியிருக்கும். சபையில் கூச்சப்பட்டு வாய் உளறியிருக்கும். அப்படித்தானே, மாதாவே?

ஜூலை 28, செவ்வாய்
அண்ணி தொட்டியைக் கொண்டுவந்தார். அவர் பீரைச் சரியான பதத்தில் பீப்பாய்க்கு மாற்றிவிட்டாராம்.

"அன்னைக்கு தொட்டி கேக்க வந்தப்ப நான் அவசரமில்லேன்னுதான் சொன்னேன் ஜெனே. எனக்கும் ஒரு வாய் குடுத்தான். தேனா இனிக்குதுடா, விட்டுவைன்னேன். 'அவ வெள்ளிக்கிழமை வாயில வைக்க மாட்டா, தெரியவா போகுது'ன்னான்."

"ஞாயித்துக்கிழமை அத்தன பேரு சிரிச்சாங்களே, அண்ணி. அப்ப ஏன் சொல்லல?"

தொட்டியின் விளிம்பைத் தடவினார். "தம்பியாச்சே."

தெரிந்தே செய்திருக்கிறார். அலுப்போ, அக்கா மேல் பாசமோ, அதெல்லாம் விடு. கடவுளுக்கு நான் கொடுத்த வெள்ளிக்கிழமை — அதைப் போய் எனக்கு எதிராக — அதைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு?

ஜூலை 29, புதன்
சாமி சொல்லியனுப்பினார். அடுத்த வருஷம் மறுபடி லியூசியா வீடு.

ஜூலை 31, வெள்ளி
நேற்றுப் புதிதாகப் பீர் போட்டேன், யாரும் கேட்காமலே. இன்று நுரை ஏறுகிறது. நான் தொடவில்லை. நிலவறைச் சாவி கழுத்தில், சிலுவையோடு.

விட்மந்தாஸ், இந்தப் பக்கத்தைத் திறந்து உங்கள் சூப்புக் கிண்ணத்தின் பக்கத்தில் வைக்கிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஞாயிறு பூசை முடிந்ததும் அதே ஆறு பேர் அதே வாசலில் நிற்போம். எந்த நாக்கு ருசி பார்த்தது, என்ன ருசி இருந்தது என்று அங்கே சொல்வீர்களா, மாட்டீர்களா? நாளை இரவுச் சாப்பாட்டுக்குள் பதில் சொல்லுங்கள்.