அப்பச்சோடா குடித்த காலை

இன்று அப்பத்துக்கு மாக் கரைக்கும்போது சோடாப் பெட்டியைத் திறந்த கை அப்படியே நின்றுவிட்டது. உன் நினைவு வந்தால் எனக்கு முதலில் வருவது பயம்தான்.

நீ பஸ் ஓட்டியவள். லீவு நாளில் சைக்கிள். நாற்பது வயதுக்குப் பிறகு என்னையும் சைக்கிளில் ஏற்றியவள் நீதான். ஒரு வருடப் பந்தயத்தில், ரூஜ் ஆற்றுப் பக்கத்து ஏற்றத்தில், ஒருத்தி உன்னைக் கடைசி வளைவில் முந்திவிட்டாள். அப்பச்சோடா குடித்தால் தசையில் சேரும் அமிலம் அடங்கும், கால் எரியாது என்று எங்கேயோ வாசித்தாய். அடுத்த பந்தயத்தன்று காலை, காரில் சாய்ந்தபடி அதைப் போத்தலில் கரைத்தாய்.

"உனக்குப் பிரஷர் இருக்கு. உப்பைக் குறைக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர். உதுவும் உப்புத்தானே?"

"ஒருநாளைக்கு ஒண்டும் செய்யாது. விடு."

முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்து முடித்தாய்.

ஏற்றத்தில் பாதிவரை பறந்தாய். நான் பின்னால் வந்தேன். திடீரென்று உன் சைக்கிள் கோணியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் இறங்கிச் சத்தி எடுத்தாய். முகம் சாம்பலாகிவிட்டது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், தாறுமாறாகத் துடித்தது. நீயோ வாயைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறப் போனாய். நான் ஹான்டிலைப் பிடித்தேன்.

"கையை எடு. அவள் மேல போறாள்."

"எடுக்கமாட்டன்."

"எடு எண்டிறன்!"

என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாய். நகம் கீறி இரத்தம் வந்தது. எல்லோரும் எங்களைக் கடந்து போனார்கள். யாரோ அழைத்த அம்புலன்ஸ் வரும்வரை நான் விடவில்லை. இதயத்துடிப்பு குழம்பியிருக்கிறது, இன்னும் மிதித்திருந்தால் ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அந்தக் கோடை முழுக்க நீ என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் மோர்னிங்சைட்டில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"நீ பிடிச்சது பிழையெண்டால் எப்பவோ மன்னிச்சிருப்பன். சரியாப் போச்சு. அதுதான் கோபம்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாய்.

கடைசியில் உன்னைக் கொண்டுபோனது புற்றுநோய். அதை மறிக்க என்னால் முடியவில்லை.

இப்போது ஞாயிறுகளில் நம் சைக்கிள் குழுவை நான்தான் கூட்டிப்போகிறேன். போன கிழமை ஒருத்தி நெஞ்சைத் தடவிக்கொண்டே மிதித்தாள். குறுக்கே போய் மறித்தேன்.

"உங்களுக்கென்ன விசரா அக்கா?" என்று கத்தினாள்.

நான் அசையவில்லை. கோபிக்கட்டும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து கோபிக்கட்டும்.