வாளியை எடுத்த பிறகும்

கட்டபெட்டு,
தை மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், குளிருக்கு அப்பாவின் முட்டி பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு குறை இல்லை. ஜெர்மனியில் நீயும் மாலதியும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, அதனால் எழுதுகிறேன். கோவைக் கல்லூரிக்காரர்களோடு நீ வந்து நம் சரிவில் அந்த அளவைக் கம்பத்தை நட்ட அன்று, கீழ்வீட்டு லூயிஸ் அண்ணன் என்னிடம் ஒன்று கேட்டார். ஏனுங்க டீச்சர், மேலே சுத்துற செயற்கைக்கோள் எங்க இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான் இந்தக் கம்பம் எங்க இருக்குதுன்னு தெரியுமாம், அது எங்க இருக்குதுன்னு கீழே நிக்கிற கம்பங்களை வெச்சுத்தான் கணக்குப் போடுவாங்களாம், ரெண்டு குடிகாரங்க ஒருத்தன் தோளை ஒருத்தன் புடிச்சுட்டு நிக்கிற மாதிரியில்லீங்க இருக்குது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேர் என்றால் விழத்தான் விழுவார்கள், ஆனால் மூடுபனியில் கொழுந்து எடுக்கும் பெண்களைப் பாருங்கள் என்றேன். பக்கத்து நிரையில் இருப்பவள் முகம்கூடத் தெரியாது, ஆளுக்கு ஆள் குரல் கொடுத்துக்கொண்டே போவார்கள், எல்லாக் குரலையும் சேர்த்துக் கேட்டால் யார் நிரை மாறிப் போனாள் என்று தெரிந்துவிடும். உலகம் முழுக்க நிற்கும் கம்பங்களின் குரலை அப்படிச் சேர்த்துத்தான் கதிர் செயற்கைக்கோளின் பாதையைக் கண்டுபிடிக்கிறான் என்று சொல்லிவைத்தேன். சரியாகத்தான் சொன்னேனா?

நீ அன்றைக்குப் பதறிக்கொண்டு கூப்பிட்டு, கம்பம் இரண்டு சென்டிமீட்டர் மேலே ஏறியதாகக் கணக்கு வருகிறது, மண் உப்பியிருக்கிறதா வெடிப்பு விட்டிருக்கிறதா போய்ப் பாரம்மா என்றதும், செருப்பைக்கூட மாற்றாமல் கம்பம் நிற்கும் ஆண்டாயி அக்கா தோட்டத்துக்கு ஓடினேன். லூயிஸ் வீட்டுக்கு நேர் மேலே இருக்கிற தோட்டமாயிற்றே. போய்ப் பார்த்தால் வெடிப்பு எதுவும் இல்லை, கம்பத்தின் தலையில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி கவிழ்ந்திருக்கிறது, காற்றில் பறக்காமல் சணல் கயிற்றால் வேறு கட்டியிருக்கிறது. இந்த வருடம் நம் பக்கமும் உறைபனி விழுந்து முட்டைக்கோஸ் நாற்றெல்லாம் கருகிவிட்டது, மிச்சம் இருப்பதை மானாப்புல் போட்டு மூடிய அக்கா கம்பத்தையும் விடவில்லை. ஏன் அக்கா இப்படி என்று கேட்டதற்கு, பின்ன என்னம்மா, உங்க பொடியன் அவ்வளவு தூரத்திலயிருந்து வந்து நட்டுட்டுப் போனது, நாத்தை எல்லாம் மூடிட்டு அதை மட்டும் மொட்டைத் தலையோட பனியில விட்டுர்றதா, பெத்தவ உங்களுக்கே அக்கறை இல்லை என்று என்னைத்தான் திட்டினார். அவரையே கயிற்றை அவிழ்க்கச் சொல்லி வாளியை எடுத்தோம். மறுபடி நீ கூப்பிட்டு, உயரம் பழையபடி வந்துவிட்டது, சிக்னல் பிளாஸ்டிக்கைக் கடந்து வரும்போது கொஞ்சம் தாமதமாகிறது, அதுதான் உயரமாகத் தெரிந்தது என்றாய். நல்லவேளை என்று நான் போனை வைக்கப் போனேன், நீ வைக்க விடவில்லை. பக்கவாட்டில் மட்டும் ஒரு வருடத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் கீழ்நோக்கி நகர்ந்திருக்கிறது, அது வாளியை வைப்பதற்கு முன்னும் நகர்ந்தது, எடுத்த பிறகும் நகர்கிறது என்றாயே, அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

இங்கே அதற்குள் வாளிக் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. லூயிஸ் வீட்டில் மாடி எழுப்பப் போகிறார்கள், உனக்குத் தெரியும். மகன் டெனினுக்கு மே மாதம் கல்யாணம், வருகிற பெண்ணுக்கு ஓர் அறை வேண்டாமா என்று மணலும் கம்பியும் இறக்கியாயிற்று, மாசி பிறந்ததும் கான்கிரீட். நான் போய் நீ சொன்னதை அப்படியே சொன்னேன், மாடியின் பாரம் இந்த மண்ணுக்கு ஆகாது, ஐப்பசி மழைக்கு முன்னால் கோத்தகிரியில் ஒரு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். போன தடவை ரெண்டு சென்டிமீட்டர்னீங்க, அது வாளி, இப்ப ஒண்ணரைங்கறீங்க, இது என்னங்க டீச்சர், குடமா என்று கேட்டார், அவர் மனைவி மெட்டில்டா உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விட்டாரா, இந்தியாவே வருசத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர் வடகிழக்கே போகுதுன்னு உங்க மகன்தானுங்க சொன்னாரு, அதுக்கு யாரு ஊட்டைக் காலி பண்ணுனாங்க என்றார். தேயிலை ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவர் அல்லவா, அவருக்குப் புரிகிற மாதிரியே சொல்லிப் பார்த்தேன். பஸ் ஓடும்போது எல்லாரும் சேர்ந்துதான் போகிறோம், அதில் யாருக்கும் பயம் இல்லை. ஓடுகிற பஸ்ஸில் ஒரு சீட்டு மட்டும் ஆணி கழன்று தனியாக நகர்ந்தால்தான் பயம். கோத்தகிரியில் பாறை மேல் நிற்கும் இன்னொரு கம்பம் நாட்டோடு சேர்ந்து மட்டும் போகிறது, உங்கள் சரிவு அது போக, தனியாகக் கீழேயும் இறங்குகிறது என்றேன். அப்ப நாங்க கழண்ட சீட்டுங்களா என்று சிரித்துக்கொண்டே டீயைக் கையில் கொடுத்தார். சிமெண்டுக்குச் சொன்னதை மட்டும் நிறுத்தவில்லை.

கிளம்பும்போது ஒன்று பார்த்தேன். மெட்டில்டா சமையலறைப் பின்கதவைத் தோளால் முட்டி முட்டிச் சாத்தினாள், அடியில் ஏற்கெனவே இழைத்த தடம் இருந்தது. மழையில மரம் உப்பிப் போச்சுங்க டீச்சர் என்றாள். மழை நின்று எத்தனை நாளாயிற்று, இந்த வறட்சியில் மரம் சுருங்கத்தானே வேண்டும், மண் நகர்ந்து கதவு நிலைதான் கோணியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சிரிப்புக்கு நடுவே அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொன்னாலும் அதற்கும் ஒரு வாளி கண்டுபிடித்திருப்பார்கள்.

பனியில் காதை மூடாமல் வெளியே போகாதே, மாலதியைத் தனியாகச் சமைக்க விட்டுவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்காதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. லூயிஸ் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில் இருப்பார், நீயே கூப்பிடு, சென்டிமீட்டர் பேச்சே எடுக்காதே, போனைக் காதில் வைத்துக்கொண்டே போய் அந்தப் பின்கதவுக்கு அவர் கையாலேயே தாழ்ப்பாள் போடச் சொல்.

உன் அம்மா,
கோகிலவாணி