உப்பு தெரியாத நாக்கு

என் வீட்டு அம்மணிக்கு,

முட்டிவலி தேவலையா? பிள்ளைகள் உன் பேச்சைக் கேட்கிறார்களா? நான் சௌக்கியம், நாக்கைத் தவிர.

நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. பயப்படாதே, டாக்டர் அதற்கு கேண்டிடா என்று நாகரிகமான பெயர்தான் சொன்னார். சொட்டு மருந்தை வாயில் வைத்துக் கொப்பளித்து விழுங்க வேண்டும். அதுவரை பேசக் கூடாது. ஊர்வம்பு பேசியே வளர்ந்த எனக்கு இதைவிடத் தண்டனை உண்டா? காரம் பட்டால் எரிகிறது. உப்பு மட்டும் தெரியவே இல்லை.

இதை மறைத்தே கேண்டீனில் சமைத்துவந்தேன். இன்று சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

"கடலையே கொதிக்க வச்சிட்டீங்களா? நாளைக்கு என் முன்னாடி ருசி பாத்துச் சொல்லுங்க. தப்பாச் சொன்னா ஊருக்கு டிக்கெட்தான்" என்றார் மேனேஜர்.

பாத்திரம் கழுவும் அக்கா, "உப்பு பத்தலைன்னா நான் இருமுறேன் தம்பி" என்றார். அவருக்கோ நாள் முழுக்க இருமல்!

அதனால் நாளை மேனேஜரிடம் நாக்கை நீட்டிக் காட்டிவிடப்போகிறேன். குணமாகும்வரை காய் நறுக்குகிறேன் என்று கேட்பேன். என்ன சொல்வாரோ தெரியவில்லை.

அம்மாவிடம் மூச்சு விடாதே. போனில் இதைப் படித்ததும் அதைப் பக்கத்திலேயே வை. நான் கூப்பிட்டால் என்ன ஆச்சு என்று உடனே கேட்காதே. பக்கத்து வீட்டுக் கதை ஏதாவது சொல்லிக்கொண்டிரு.

அவசரத்தில்,
உன் வீட்டுக்காரன்