அப்பா வந்த நாளில் வெங்காய சாம்பார்

கல்லிடைக்குறிச்சி,
ஞாயிறு காலை.

சிரஞ்சீவி ஸ்ரீராகவுக்கு அம்மா எழுதுவது. காந்திமதி அம்மன் தயவில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மருமகளும் குழந்தை ஹம்ஸினியும் டல்லாஸில் சௌக்கியமாக இருக்க அவளையே வேண்டிக்கொள்கிறேன். போன வியாழக்கிழமை அப்பாவின் திவசத்துக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான், ராமசுப்பு சித்தப்பா, உனக்குப் பதிலாக விரலில் தர்ப்பைப் பவித்திரம் போட்டுக்கொண்டு திவசம் செய்த அவர் மகன் கைலாசம், மந்திரம் சொல்லிச் செய்து வைத்த வாத்தியார், பித்ருக்களாக இலையில் உட்கார்ந்த இரண்டு பேர். நீ போனில் இருந்தாய், பிண்டம் வைக்கும் நேரத்தில் தூக்கம் வருகிறது என்று வைத்துவிட்டாய். வராதவர் ஒருவர்தான், அப்பா. அது எனக்கு நேற்றுதான் தெரிந்தது.

பொங்கலுக்கு வந்தபோது நீ லேப்டாப்பில் புது சிஸ்டம் ஏற்றினாயே, மறுநாளே அப்பாவின் பஞ்சாங்க புரோகிராம் படத்தின் மேல் ஒரு கோடு விழுந்து திறக்காமல் போயிற்று. அதைச் சொன்னதற்கு, பழசையெல்லாம் கட்டி அழாதேம்மா, அந்த ஹார்ட் டிஸ்க் டப்பாவையும் தூக்கிப் போடு, திதி எல்லாம் என் போனிலேயே இருக்கு என்றாய். மருமகள் சிரித்தாள். நான் டப்பாவைத் துடைத்து சுவாமி அலமாரியில் வைத்தேன், ஏனென்றால் போவதற்கு முன் அப்பா லேப்டாப்பில் இருந்ததை முழுசாக அதில் ஏற்றி, இது உனக்கு வேண்டியிருக்கும் நாகு என்று சொல்லித்தான் கொடுத்தார். வைகாசி வந்ததும் உன்னைக் கேட்டேன், தேய்பிறை சப்தமி வியாழன் என்றாய். வாத்தியாரிடம் அப்படியே சொன்னேன். நேற்று எதிர்வீட்டு விஜயஸ்ரீ தன் மாமியார் திதி கேட்டு வந்தாள், உன்னைக் கேட்க மனசில்லாமல் டப்பாவை எடுத்தேன். யூடியூபில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து, வயரைச் செருகி, கீபோர்டில் அது சொன்ன கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டே லேப்டாப்பைப் போட்டேன், நாலாவது தடவையில் டப்பாவிலிருந்தே பழைய சிஸ்டம் எழுந்தது. அப்பா வைத்துவிட்டுப் போன பாபநாசம் அருவிப் படம் அப்படியே இருந்தது. விஜயஸ்ரீக்குப் பார்த்துச் சொல்லிவிட்டு, கை சும்மா இல்லாமல் நம் வீட்டுத் திதியையும் போட்டேன். வெள்ளிக்கிழமை என்றது. உன் போன் டல்லாஸ் மதியத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறது. திவசத்துக்கு மதியம் இருக்கிற திதிதான் கணக்கு. அங்கே வியாழன் மதியமே சப்தமி, நமக்கு அப்போது ராத்திரி, நமக்குச் சப்தமி வெள்ளி மதியம்தான். நீ எங்கே இருக்கிறாய் என்று உன் போனுக்குத் தெரியும், அப்பா எங்கே வருவார் என்று உனக்குத் தெரிய வேண்டாமா?

வாத்தியாரிடம் கேட்டேன். என் பஞ்சாங்கத்திலும் வெள்ளிதான் மாமி, உங்காத்து மாமா எப்பவும் கம்ப்யூட்டர் சொல்றதைத்தானே கேட்பார், பெரிய படிப்புப் படிச்ச பிள்ளை பார்த்துச் சொன்னதுன்னு வாயை மூடிண்டேன் என்றார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பாவுக்கு வாய்த்த பிள்ளை இப்படி. அந்த வெள்ளிக்கிழமை என்ன செய்தோம் தெரியுமா? திவசத்தன்று வெங்காயமே ஆகாது, நான் சித்தப்பா ஆசைப்பட்டார் என்று வெங்காய சாம்பார் வைத்தேன். அவர் டிவியில் சிரிப்புப் படம் போட்டார், நானும் சிரித்தேன். அப்பா பசியோடு வந்து வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டுப் போயிருப்பார். நான் தினமும் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள், தப்பை அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக எனக்குத் தெரியாது. நீ போனில் ஒரு சாரி சொல்லிவிட்டுத் தூங்கப் போவாய், அதனால்தான் எழுதிக் கைலாசத்திடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

வருகிற சனிக்கிழமை அமாவாசை, விட்டுப்போனதை அன்று செய்யலாம் என்கிறார் வாத்தியார். நீ வந்தால் நீ செய். இல்லையென்றால் கைலாசம் செய்வான், ஆனால் உனக்குப் பதிலாக இல்லை, தன் பெரியப்பாவுக்குத் தானே செய்வதாக. உன் பேரைச் சொல்ல வேண்டாம் என்று வாத்தியாரிடம் சொல்லிவிடுவேன், எனக்கும் பின்னால் அவனே செய்யட்டும். விமானத்துக்குச் செலவாகும் என்று மட்டும் எழுதாதே.

குழந்தைக்கு என் ஆசீர்வாதம். உனக்கும் உண்டு, பெற்றுவிட்டேனே. அவளுக்குச் சளி என்றாயே, குளிர்ந்த பால் கொடுக்காதீர்கள். டப்பா அலமாரியில்தான் இருக்கிறது, நீ வந்தாலும் அதைத் தொடக்கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா
நாகலக்ஷ்மி

வருவாயா மாட்டாயா என்று புதன்கிழமைக்குள் பதில் எழுது.