கதவோரத்துக் கயிறு

அப்பா,

மழை ஈரத்தில் கதவோரத்துக் கயிறு மறுபடி மணக்கிறது. உப்பும் மீனெண்ணெயும் கலந்த தோணி வாசனை. ரேஷன் வரிசையில் நின்றுவிட்டு வந்து, அரிசிப் பையை இறக்கி வைக்கவும் தெம்பில்லாமல் அதைப் பிடித்தபடி நின்றேன்.

நீங்கள் மாதா கோயிலில் விழுந்த ஞாயிறு நினைவுக்கு வந்தது. தோணியை ஓட்டும் தண்டலாக நின்று, கப்பல் சரக்கைக் கரைசேர்த்தே வயதானவர் நீங்கள். பூசையில் முழங்காலிலிருந்து எழும்போது உடம்பு சாய்ந்தது. பக்கத்துத் தூணை நீங்கள் பிடிக்கவில்லை. அலை வந்து நிமிர்த்திவிடும் என்பதுபோல், காலை அகட்டிச் சாய்ந்த பக்கமே பாரத்தைப் போட்டீர்கள். தரை அசையவில்லை.

அதன்பிறகு கோயிலுக்கே போகவில்லை. "நாலு பேரு தூக்கிவிட்டு நான் பூச காணணுமா?" என்றீர்கள்.

நூலகத்திலிருந்து நான் எடுத்துவந்த புத்தகத்தில், வயதானவர்களின் தடுமாற்றத்துக்குத் தொடையும் கணுக்காலும் வலுப்பெற வேண்டும் என்றிருந்தது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் மெல்ல எழுந்து மெல்ல உட்கார வேண்டும். எதையாவது பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். என் தோளைப் பிடிக்கச் சொன்னேன்.

"ஆளப் பிடிச்சா ஆளும் சாயும். கயிறு கட்டு, ஏளா."

உங்கள் பழைய தோணிக் கயிற்றை, நீங்கள் சொன்ன முடிச்சில் கதவோர உத்தரத்திலிருந்து தொங்கவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கடல்ல கெடந்த மனுசன் நாற்காலியில ஒக்காந்து எந்திக்கப் படிக்காவ!"

"நீயும் வந்து நில்லு. யாரு மொதல்ல சாயுதாவன்னு பாப்போம்."

"எனக்கென்ன, நான் தரையில வளந்தவ."

பல காலைகளில் நம் இருவருக்குமே அலுப்புதான். "இன்னைக்கு வேண்டாம்" என்பீர்கள். விட்டுவிடலாம் என்றே எனக்கும் தோன்றும். சற்றுநேரம் கழித்து நீங்களே கயிற்றைத் தேடிக் கை நீட்டுவீர்கள்.

ஒரு ஞாயிறு, நீங்களாகவே வேட்டி மாற்றிக்கொண்டு கிளம்பினீர்கள். பூசையில் எல்லோரும் எழுந்த பிறகும் நீங்கள் முழங்காலில் இருந்ததைப் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்தவர் நீட்டிய கையைத் தலையசைத்து மறுத்தீர்கள். ஒரு காலை ஊன்றி, மூச்சு வாங்கி, எழுந்தீர்கள். காலை அகட்டவில்லை.

அடுத்த மழைக்காலக் காய்ச்சலில் போய்விட்டீர்கள்.

இப்போது தரையில் வளர்ந்தவளுக்கும் கால் தடுமாறுகிறது. இன்று நாற்காலியிலிருந்து எழ, என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். எனக்கோ உடம்பெல்லாம் வலி. தூக்கிவிட்டால் நானும் போய்ப் படுத்திருக்கலாம். நாற்காலியைக் கயிற்றருகே இழுத்துப் போட்டேன்.

"அப்பனப் போலத்தான் மவளும்," என்று திட்டிக்கொண்டே பிடித்தாள்.

அவள் எழுந்து நிற்கும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், அப்பா. நானும் உட்காரவில்லை.