வயிற்று டயலிசிஸை நிறுத்தச் சொல்வது யாருடைய நன்மைக்கு?

அனுப்புபவர்:
திருமதி டோரின் பீற்றர்,
ஜம்பட்டா வீதி, கொழும்பு 13.

பெறுபவர்:
மேலதிகப் பணிப்பாளர் அவர்கள்,
நோயாளர் முறைப்பாட்டுப் பிரிவு, கொழும்பு.

விடயம்: சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் என் கணவரை, காரணம் எழுதித் தராமல் மெஷின் டயலிசிஸுக்கு மாற்ற முயல்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் கணவர் பீற்றருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியே மருந்துத் தண்ணீரை ஏற்றி இறக்கும் டயலிசிஸை வீட்டிலேயே நான் செய்துவருகிறேன். அவருடைய தங்கை யூஜினா ஒரு சிறுநீரகம் தரச் சம்மதித்தார். பரிசோதனைகள் பொருந்தி, திகதியும் குறித்தார்கள். வைத்தியசாலையின் பெயரை எழுதித் தனி உறையில் இட்டு ஒட்டி இணைத்துள்ளேன். இக்கடிதம் தங்கள் மேசைக்கு வருமுன் யார் யார் கையில் படும் என்பது எனக்குத் தெரியாது.

2. அந்தத் திகதி திடீரென்று தள்ளிப்போடப்பட்டது. வயிற்றால் செய்தவர்களுக்குப் புதுக் கிட்னி நிற்காது, முதலில் மெஷினுக்கு மாறுங்கள் என்றார்கள். பொறுப்பு வைத்தியர், தாதி, துண்டு எழுதும் கருமபீடத்தில் இருந்தவர் ஆகிய மூவரும் ஒரு சொல் மாறாமல் இதையே ஒப்புவித்தார்கள். வேறொரு சிறுநீரக வைத்தியரிடம் கேட்டேன். மாற்றுச் சிகிச்சைக்குப் பின் இரு முறையினரும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான், வயிற்று முறையில் இருந்தவர்களுக்குப் புதுச் சிறுநீரகம் பலவேளை கெதியாகவே வேலை தொடங்கும், கிருமி தொற்றாமல் பார்த்தால் போதும் என்றார்.

3. இதை நான் போய்ச் சொன்னதும் வைத்தியசாலையில் காரணம் மாறியது. இப்போது வீடு சுத்தமில்லையாம். முன்பு வீட்டைப் பார்க்க வந்த தாதி, எங்கள் செபப் பீடத்தில் இருந்த கோயில் தீர்த்தப் போத்தலைக் கண்டு, அதை நான் குழாயில் ஊற்றுவதாக எழுதியிருக்கிறாராம். ஐயா, நான் மடைச்சி அல்ல. கை கழுவி, மாஸ்க் போட்டு, ஃபேனை நிறுத்தி, பையைத் தொடாமல் காற்றில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டே தொடங்குவேன். தீர்த்தம் அவருடைய நெற்றிக்கு மட்டும். அது அவ்வளவு அசுத்தமென்றால், அதே போத்தலிலிருந்து தன் பிள்ளைக்கென்று கொஞ்சம் கேட்டு வாங்கிப்போனது ஏன் என்று அந்தத் தாதி மிஸ்ஸிடம் தயவுசெய்து விசாரிக்கவும்.

4. வீடு சுத்தமில்லை என்று சொன்ன மறுநாளே, வத்தளையில் மெஷின் டயலிசிஸ் செய்யும் ஒரு தனியார் நிலையத்தின் வான் சாரதி தொலைபேசியில், “அன்ரி, பீற்றர் அங்கிளை எத்தன மணிக்கு ஏத்த?” என்று கேட்டார். அந்த நிலையத்தின் வாசலைக்கூட நாங்கள் மிதித்ததில்லை. இலக்கத்தை யார் தந்தது என்றேன். லைனை வெட்டிவிட்டார். பொறுப்பு வைத்தியரின் மேசையில் அதே நிலையத்தின் பெயர் போட்ட பேனை கிடந்தது. பேனை வைத்திருப்பது குற்றமல்ல. ஆனாலும் நான் பார்த்தேன்.

5. என் கணவருக்கு இன்னும் கொஞ்சம் சிறுநீர் வருகிறது. காலையில் கோப்பையில் அளந்துவிட்டு, “டோரின், இங்க வந்து பாரன்” என்று கூப்பிடுவார். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எங்கள் வீட்டில் இப்போதைக்கு அதுதான் சந்தோஷம். மெஷினுக்குப் போனால் அது விரைவில் வற்றிவிடக்கூடும் என்றும் அந்த இரண்டாவது வைத்தியர் எச்சரித்தார்.

ஆகவே, மாற்றச் சொல்லும் காரணத்தை எழுத்தில் பெற்றுத் தருமாறும், எங்கள் இலக்கம் வானுக்குப் போன வழியை விசாரிக்குமாறும், சத்திரசிகிச்சைத் திகதியை மீளப் பெற்றுத் தருமாறும் பணிவாகக் கேட்கிறேன். வீட்டைப் பார்க்க வேறு யாரையும் அனுப்பலாம். சொல்லாமல் வரட்டும், சவர்க்காரம் தந்து கை கழுவவிட்டே உள்ளே எடுப்பேன்.

தங்கள் பதில், என் கணவர் காலையில் என்னைக் கூப்பிடுவது நின்றுபோகுமுன் வரவேண்டும்.

இடம்: கொழும்பு 13
திகதி: 16.06.2025

இப்படிக்கு,
தங்களை மட்டும் இன்னும் நம்பும்,
(ஒப்பம்) டோரின் பீற்றர்